சீனாவும் இரண்டு முறை கழற்றிவிட்டது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஸ்டெஃபான் மார்பரி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'அமெரிக்கா கைவிட்டது, சீனா வாழவைத்தது' என்று தலைப்பு. கூடைப்பந்துக்கு உங்கள் பக்கத்தில் அரைப்பக்கம் கிடைப்பதே அபூர்வம், அதற்காக முதலில் நன்றி. ஆனால் அந்தத் தலைப்பும் அதற்குக் கீழே இருந்த சில வரிகளும் உறுத்திக்கொண்டே இருக்கின்றன. அமெரிக்கா சும்மா கைவிடவில்லை, அதற்குக் காரணங்கள் இருந்தன. சீனா எடுத்த எடுப்பில் வாழவைக்கவும் இல்லை. அங்கேயும் இரண்டு அணிகள் அவரைக் கழற்றிவிட்ட பிறகுதான் மூன்றாவது அணியில் அவர் நிலைத்தார். இந்த இரண்டையும் விட்டுவிட்டால் அந்த மனிதர் செய்த காரியம் என்னவென்றே தெரியாமல் போய்விடும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. கூடைப்பந்துப் போட்டிகளில் ஸ்கோர் டேபிளில் உட்கார்ந்தவன். யார் போட்டது, யாருக்கு எத்தனையாவது ஃபவுல், எந்த டீமுக்கு எத்தனை டைம் அவுட் பாக்கி என்று எழுதிக்கொண்டே இருந்தால் ஆட்டத்தை ரசிக்க நேரம் இருக்காது. ஆனால் இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதால், பார்வையாளருக்குத் தெரியாத சில விஷயங்கள் நம் கண்ணில் படும். வெளியே அழைக்கப்பட்ட ஆள் முகத்தை எப்படி வைத்துக்கொண்டு வருகிறான், டைம் அவுட்டில் யார் பேச்சை யார் கேட்கிறார்கள், சின்னப் பையன் ஒருவன் ஷாட்டைத் தவறவிட்டால் அடுத்த முறை அவனுக்கே பந்து போகிறதா இல்லையா, இதெல்லாம். மார்பரியை நான் கவனித்ததும் அந்தக் கண்ணால்தான். மகள் பெய்ஜிங்கில் வேலை பார்த்த காலத்தில் ஒரு குளிர்காலம் அவளோடு போய்த் தங்கியிருந்தேன். அப்போது நேரிலும் பார்த்தேன்.

முதலில் அமெரிக்கக் கணக்கு. மார்பரி 1977ல் பிறந்தவர். நியூயார்க்கின் புரூக்ளினில், கடலோரம் உள்ள கோனி ஐலண்ட் பகுதி அரசுக் குடியிருப்பில் வளர்ந்தார். ஏழு பிள்ளைகளில் ஆறாவது. அண்ணன்கள் எரிக், டானி, நார்மன் மூவருமே நல்ல ஆட்டக்காரர்கள், மூவருக்கும் அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்பிஏ எட்டவில்லை. அவர்கள் விட்ட இடத்திலிருந்து தம்பி போய்ச் சேர வேண்டும் என்பது அந்த வீட்டில் எழுதாத சட்டம். லிங்கன் உயர்நிலைப் பள்ளியில் அவர் ஆடும்போதே ஊர் முழுக்கப் பேசியது. ஜார்ஜியா டெக் கல்லூரியில் ஒரே ஒரு வருடம் படித்துவிட்டு, என்பிஏ அணிகள் புது வீரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்டுக்கு 1996ல் போனார். ஆலன் ஐவர்சன், கோபி பிரயண்ட், ஸ்டீவ் நாஷ் எல்லாம் அந்த வருடத்து ஆட்கள். உங்கள் கட்டுரை அவரை மினசோட்டா தேர்ந்தெடுத்ததாகச் சொல்கிறது. நான்காவது இடத்தில் தேர்ந்தெடுத்தது மில்வாக்கி. ஐந்தாவதாக வந்த ரே ஆலனை வாங்கிக்கொண்டு மார்பரியை மினசோட்டாவுக்குக் கொடுத்தார்கள்.

மினசோட்டாவில் கெவின் கார்னெட்டும் இவரும். இருவருக்கும் இருபது வயதை ஒட்டிய பருவம். இந்த ஜோடி பத்து வருடம் சேர்ந்து ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் பேசுகிறவர்கள் உண்டு. 1997ல் கார்னெட்டுக்கு ஆறு வருடத்துக்கு 12.6 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. முதலாளிகள் அரண்டுபோனார்கள். அடுத்த வருடம் சம்பளத் தகராறில் அணிகளின் கதவு சாத்தப்பட்டு லாக்அவுட் வந்தது, அது முடிந்தபோது சம்பளத்துக்கு உச்சவரம்பும் வந்துவிட்டது. இனி என்ன ஆடினாலும் மார்பரியால் அந்தத் தொகையைத் தொட முடியாது. 1999 மார்ச்சில் கேட்டு வாங்கிக்கொண்டு நியூஜெர்சிக்குப் போனார்.

அப்புறம் நடந்ததை ஸ்கோர் ஷீட் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், மார்பரி ரசிகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். 2001ல் நியூஜெர்சி அவரை ஃபீனிக்ஸுக்குக் கொடுத்து ஜேசன் கிட் என்ற வீரரை வாங்கியது. முந்தைய சீசனில் 26 ஆட்டம் மட்டும் ஜெயித்த அணி, அடுத்த சீசனில் 52 ஜெயித்து இறுதிப்போட்டி வரை போனது. 2004 ஜனவரியில் ஃபீனிக்ஸ் அவரை நியூயார்க்குக்கு அனுப்பியது. அந்தக் கோடையில் ஸ்டீவ் நாஷ் வந்தார், அடுத்த சீசனில் ஃபீனிக்ஸ் 62 ஆட்டம் ஜெயித்தது. அவர் கிளம்பிய இடமெல்லாம் நிமிர்ந்தது. இதில் அவர் பங்கு எவ்வளவு, தற்செயல் எவ்வளவு என்று வாதாடலாம். ஆனால் பொது மேலாளர்கள் வாதாட மாட்டார்கள், கூட்டிக் கழித்துப் பார்ப்பார்கள். என்பிஏவில் அவருடைய சராசரி ஆட்டத்துக்கு 19.3 புள்ளி, 7.6 அசிஸ்ட் (அடுத்தவர் புள்ளி போடக் கொடுத்த பாஸ்). சிறந்தவர்களைப் பொறுக்கி ஆடவைக்கும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் இரண்டு முறை. இவ்வளவு இருந்தும் மினசோட்டா, நியூஜெர்சி, ஃபீனிக்ஸ், நியூயார்க் நான்கிலும் அவர் ஆடியவரை சீசன் முடிவில் பட்டத்துக்காக நடக்கும் பிளே-ஆஃபில் ஒரு சுற்றைக்கூடத் தாண்டியதில்லை.

நியூயார்க் அவருடைய சொந்த ஊர். அங்கே போனதுதான் கெட்டகாலம். 2005-06ல் லாரி பிரவுன் கோச். ஒருவரை ஒருவர் பத்திரிகைக்காரர்கள் வழியாகத் திட்டிக்கொண்டார்கள், அணி 23 வெற்றி, 59 தோல்வி. 2006 ஆகஸ்ட்டில் மார்பரி ஒரு நல்ல காரியம் செய்தார். தன் பெயரில் ஒரு ஷூ, விலை 14.98 டாலர். நூறு டாலருக்கு மேல் விற்ற ஷூக்களுக்காகப் பையன்கள் ஏங்கிக் கிடந்த இடத்திலிருந்து வந்தவர் அவர். கடையில் விற்ற அதே ஷூவைப் போட்டுக்கொண்டுதான் என்பிஏ மைதானத்தில் ஆடினார். உங்கள் கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. விற்ற கடைக்காரர்கள் 2008ல் திவாலாகிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

2007 டிசம்பரில் அவருடைய அப்பா இறந்தார். மகனின் ஆட்டத்தை நியூயார்க் அணியின் அரங்கமான மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பார்த்துக்கொண்டிருந்த அன்று நெஞ்சுவலி வந்து போய்விட்டார். அடுத்த சீசனுக்கு வந்த புது கோச் மைக் டி'அன்டோனி இவரை ஆட்டத்தில் இறக்கவே இல்லை. சுமார் 2 கோடி டாலர் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு மனிதர் சும்மா உட்கார்ந்திருந்தார். கணக்கைத் தீர்த்துக்கொண்டு 2009 பிப்ரவரியில் வெளியே வந்தார், பாஸ்டனில் சில மாதம் மாற்று ஆட்டக்காரராக இருந்தார், அதோடு என்பிஏ முடிந்தது.

இதில் ஒரு வேடிக்கை. இந்த டி'அன்டோனியே வெளிநாட்டில் பிழைத்தவர்தான். என்பிஏவில் பெயர் சொல்லும்படி ஆடாத ஆட்டக்காரர், 1977ல் இத்தாலிக்குப் போனார். மிலான் அணிக்காக ஐந்து முறை இத்தாலியப் பட்டம், 1987லும் 1988லும் ஐரோப்பிய சாம்பியன். அங்கே அவர் ஆடிய எட்டாம் எண் பனியனை யாருக்கும் கொடுப்பதில்லை. அதே அணியில் கூட ஆடியவர் பாப் மெக்காடூ, 1975ல் என்பிஏயின் சிறந்த வீரர் விருது வாங்கியவர். ஆக, 'என்பிஏவில் இடமில்லாதவன் ஒதுங்கும் இடம்' என்று வெளிநாட்டு லீகுகளைப் பற்றி உங்கள் கட்டுரையாளர் எழுதியதை மிலானில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள்.

2009 கோடையில் 24 மணி நேரம் இணையத்தில் நேரலையாகத் தன்னைத்தானே படம் பிடித்துக் காட்டினார் மார்பரி. அழுதார், நடனம் ஆடினார், தொண்டை வலிக்கு வாசலின் சாப்பிட்டார். உங்கள் கட்டுரையில் கால்வாசி இதற்கே போய்விட்டது. அந்த நாட்களில் சாக வேண்டும் என்றே தோன்றியதாகப் பிற்பாடு தொலைக்காட்சிப் பேட்டியில் அவரே சொல்லியிருக்கிறார். அப்பா போய், வேலை போய், வியாபாரம் போய் நின்ற மனிதரின் நிலைமை அது. அதைக் 'கோமாளித்தனம்' என்று எழுத வேண்டிய அவசியம் என்ன என்று எனக்குப் புரியவில்லை.

சரி, சீனாவுக்கு வருவோம். அதற்கு முன் வெளிநாட்டில் போய் ஆடும் தொழில் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆடுகிறவனுக்குச் சம்பளத்தோடு வீடு, பல இடங்களில் கார், ஊருக்குப் போய்வர விமான டிக்கெட் எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவன் 'இம்போர்ட்'. ஓர் அணிக்கு இத்தனை வெளிநாட்டுக்காரர்தான் என்று எண்ணிக்கை உண்டு. உள்ளூர்ப் பையன் பத்து ஆட்டம் சொதப்பினால் பொறுத்துக்கொள்வார்கள். இம்போர்ட் மூன்று ஆட்டம் சொதப்பினால் அடுத்த ஆள் விமானத்தில் ஏறியிருப்பான். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டு அணிக்குப் போக, பழைய இடத்துக் கூட்டமைப்பு விடுவிப்புக் கடிதம் தர வேண்டும். சம்பளம் வராமல் போவது சர்வ சாதாரணம். அது எவ்வளவு சாதாரணம் என்றால், உலகக் கூடைப்பந்துச் சங்கமான ஃபிபா இந்த மாதிரி வழக்குகளைத் தீர்ப்பதற்கென்றே 2007ல் ஜெனீவாவில் தனியாக ஒரு நடுவர் மன்றம் அமைத்தது. ஒழுங்காகச் சம்பளம் வந்து, ஒரே ஊரில் இரண்டு சீசன் நின்றாலே அந்தத் தொழிலில் அவன் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம்.

மார்பரி 2010 ஜனவரியில் போய் இறங்கிய இடம் பெய்ஜிங்கும் இல்லை, ஷாங்காயும் இல்லை. ஷான்சி மாகாணத்தின் தலைநகர் தையுவான். நிலக்கரிக்குப் பேர்போன மாகாணம், கடுங்குளிர், கரிப்புகை. அணியின் பெயர் பிரேவ் டிராகன்ஸ், முதலாளி ஓர் எஃகுத் தொழிலதிபர். சீசன் பாதி ஓடிவிட்டது. வாங்கிக்கொண்டிருந்த சம்பளத்தில் மிகச் சிறு பங்குக்கு வந்தார். ஷூ வியாபாரத்தைச் சீனாவில் புதிதாகத் தொடங்கலாம் என்ற எண்ணமும் இருந்தது. ஆட்டத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்த வருட சீன ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் சிறந்த வீரர் விருதே அவருக்குத்தான். அடுத்தடுத்த சீசனுக்கும் அவரே என்று பேச்சு இருந்தது. பிறகு சீசன் தொடங்கும் சமயத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த இடத்தில் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். தெற்கே குவாங்டாங் மாகாணத்தின் ஃபோஷான் அணிக்குப் போனார். கீழ்த்தட்டு அணி. இவர் புள்ளிகளை அள்ளினார், அணி பிளே-ஆஃப் பக்கமே போகவில்லை. சீசன் முடிந்ததும் அவர்களும் விட்டுவிட்டார்கள். உங்கள் கட்டுரையில் இந்த ஒன்றரை வருடத்துக்கு 'சீனாவில் கால் வைத்தது முதல் வெற்றிதான்' என்று ஒரே வரி. கால் வைத்தது முதல் தோல்விதான், ஐயா. 34 வயது, முழங்கால்கள் தேய்ந்துகொண்டிருக்கும் வயது, இரண்டு சீன அணிகள் வேண்டாம் என்று சொன்ன ஆள். 2011ல் பெய்ஜிங் டக்ஸ் அவரை எடுத்தபோது அதைப் பெரிய வேட்டை என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அந்த 2011ல் என்பிஏவில் மறுபடியும் லாக்அவுட். ஜே.ஆர்.ஸ்மித், கென்யன் மார்ட்டின், வில்சன் சாண்ட்லர் என்று நல்ல நிலையில் இருந்த என்பிஏ வீரர்களே சீனாவுக்கு வந்தார்கள். லாக்அவுட் முடிந்தால் நடுவில் ஓடிப்போகும் ஷரத்து எதையும் ஒப்பந்தத்தில் வைக்கக் கூடாது என்று சீன லீக் சொல்லிவிட்டதால் கொஞ்ச காலம் மாட்டிக்கொண்டார்கள். ஆளுக்கு ஆள் திறமைக்குக் குறைவில்லை. ஆனால் எல்லார் கண்ணும் ஊருக்குப் போகும் விமானத்தின் மேல். அந்த சீசனில் கோப்பையைத் தூக்கியது, போவதற்கு வேறு இடம் இல்லாத மார்பரியின் அணி.

எப்படித் தூக்கினார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அப்போது சீன லீகில் ஓர் அணிக்கு இரண்டு வெளிநாட்டு வீரர்கள். ஓர் ஆட்டத்துக்கு நான்கு குவார்ட்டர். அதில் இருவரும் சேர்ந்து மொத்தம் ஆறு குவார்ட்டர் அளவுக்குத்தான் ஆடலாம். ஒரு குவார்ட்டரில் இரண்டு பேரும் நின்றால் அது இரண்டாகக் கணக்காகும். அதாவது என்ன செய்தாலும் ஆட்டத்தில் பாதி நேரம் ஒருவராவது வெளியே உட்கார்ந்தாக வேண்டும். பெய்ஜிங்கின் இன்னொரு வெளிநாட்டுக்காரர் கூடைக்குப் பக்கத்தில் நின்று ஆடும் உயரமான சென்டர் ராண்டால்ஃப் மாரிஸ். எனவே பந்தை எடுத்துப் போய் நாற்பது புள்ளி போடுகிற ஆள் மட்டும் இருந்தால் அந்த லீகில் கோப்பை வராது. ஃபோஷானில் மார்பரிக்கு அதுதான் நடந்தது. நான்கு சீனப் பையன்களை வைத்துக்கொண்டு ஜெயிக்க வேண்டும். அவர்களுடைய மொழி இவருக்கு வராது, எல்லாம் மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான். அப்படியும் ட்ஸை ஷியாவ்சுவான், ஜி ட்ஸே போன்றவர்கள் அவருக்குப் பக்கத்தில் வளர்ந்து ஆளானார்கள். மினசோட்டாவில், ஃபீனிக்ஸில், நியூயார்க்கில் எது அவரிடம் இல்லை என்று சொல்லி அனுப்பினார்களோ அதை, முடி நரைக்கிற வயதில், சீனக் கோச் மின் லுலேய் கையில் கற்றுக்கொண்டார் என்பது என் கணிப்பு. கட்டாயம் கற்றுக்கொடுத்தது என்றும் சொல்லலாம். கால் வேகத்தை வைத்து எல்லாரையும் தாண்டிப் போக முடிந்தவரைக்கும், பந்தை எடுத்துப்போய் ஆட்டத்தை நடத்துகிற எந்தப் பாயிண்ட் கார்டும் பந்தைச் சீக்கிரம் விடுவதில்லை. நான் பார்த்தவரை இது எல்லா மட்டத்திலும் உண்மை.

2012 அரையிறுதியில் எதிரே வந்தது அவரைக் கழற்றிவிட்ட அதே ஷான்சி. ஐந்து ஆட்டம் வரை இழுத்து 3-2 என்று ஜெயித்தார்கள். இறுதியில் குவாங்டாங் அணி. முந்தைய எட்டு வருடத்தில் ஏழு முறை சாம்பியன், தொடர்ந்து நான்கு முறை. பெய்ஜிங் அதுவரை ஒரு முறைகூட ஜெயித்ததில்லை. அந்தத் தொடரை 4-1 என்று முடித்தார்கள். மார்ச் 30 அன்று நடந்த கடைசி ஆட்டம் 124-121, அதில் மார்பரி 41 புள்ளி. விசில் ஊதியதும் அவர் அழுதார். இந்த முதல் பட்டத்தின் வருடம் உங்கள் கட்டுரையில் தவறாக இருக்கிறது. அதே வருடம் வுகேசோங் அரங்கத்துக்கு வெளியே அவருக்குச் சிலை வைத்தார்கள். உங்கள் கட்டுரை சிலை ஷாங்காயில் இருப்பதாகச் சொல்கிறது. இல்லை, பெய்ஜிங்கில் இருக்கிறது. நானே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

அந்த அரங்கம் 2008 ஒலிம்பிக்கின் கூடைப்பந்துக்காகக் கட்டியது, பதினெட்டாயிரம் பேர் உட்காரலாம். மெட்ரோவின் ஒன்றாம் வழித்தடத்தில் வுகேசோங் நிலையத்தில் இறங்கி நடந்தோம். மூச்சு விட்டால் முகத்துக்கு முன்னால் புகை. மார்பரியும் இப்படி மெட்ரோவில் நின்றுகொண்டு பயிற்சிக்குப் போய்வருகிறவர் என்று மகள் சொன்னாள், ஊரே அறிந்த விஷயமாம். உள்ளே போனதும் பழக்கதோஷத்தில் நான் ஸ்கோர் டேபிளைத்தான் முதலில் தேடினேன். எங்கள் இருக்கை பெஞ்சுக்கு மேலே, கொஞ்சம் பக்கவாட்டில்.

மார்பரி அன்றைக்கு ஒன்றும் பிரமாதமாக ஆடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வேகம் பாதிதான் இருந்தது. நான் அதிகம் பார்த்தது அவர் வெளியே உட்கார்ந்திருந்த நேரத்தை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தார். உள்ளே இருந்து திரும்பி வந்த ஓர் இளைஞனை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, கையாலேயே வரைந்து காட்டி ஏதோ விளக்கினார். மொழிபெயர்ப்பாளர் குனிந்து வருவதற்குள் அந்தப் பையன் தலையாட்டிவிட்டான். கடைசிக் குவார்ட்டரில் அதே பையன் மூலையிலிருந்து ஒரு த்ரீ பாயிண்டரைத் தவறவிட்டான். அடுத்த முறை மார்பரி இரண்டு பேரைத் தன் பக்கம் இழுத்துவிட்டு மறுபடியும் அவனுக்கே கொடுத்தார். இந்த முறை போட்டான். ஸ்கோர் ஷீட்டில் அது பையன் பேரில் மூன்று புள்ளி, மார்பரிக்கு ஓர் அசிஸ்ட், அவ்வளவுதான் வரும். ஃபீனிக்ஸ் காலத்து மார்பரி அந்த இரண்டாவது பாஸைக் கொடுத்திருப்பாரா என்று மகளிடம் கேட்டேன். அவளுக்கு ஃபீனிக்ஸ் காலம் தெரியாது, பாப்கார்ன் தீர்ந்துவிட்டது என்றாள்.

2014ல் ஷின்ஜியாங்கையும், 2015ல் லியாவ்னிங்கையும் இறுதியில் 4-2 என்று தோற்கடித்து மேலும் இரண்டு பட்டம். 2015ல் இறுதிப்போட்டியின் சிறந்த வீரர் விருது வாங்கும்போது மார்பரிக்கு 38 வயது. பெய்ஜிங்கின் கௌரவக் குடிமகன் பட்டம் 2014ல் கிடைத்தது, நிரந்தரமாகத் தங்கும் அட்டை அப்புறம் வந்தது. அவர் வாழ்க்கையை வைத்து ஒரு மேடை நாடகமே போட்டார்கள், அதில் அவரே நடித்தார். இதெல்லாம் உங்கள் கட்டுரையில் விரிவாக இருப்பதால் நான் நிறுத்திக்கொள்கிறேன்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததும் வேண்டும் அல்லவா? 2017ல் பெய்ஜிங் டக்ஸும் அவரைத் தொடர்ந்து ஆடவைக்க விரும்பவில்லை. பயிற்சியாளர் பக்கம் வந்துவிடுங்கள் என்ற யோசனை இருந்தது, அவருக்கு இன்னும் ஒரு சீசன் ஆட ஆசை. சிலை வைத்த அணியாக இருந்தாலும் இம்போர்ட் இம்போர்ட்தான். கோபித்துக்கொண்டு அமெரிக்கா போகவில்லை. அதே ஊரின் இன்னோர் அணியான ஃப்ளை டிராகன்ஸுக்கு ஒரு சீசன் ஆடி, 41 வயது முடிய சில நாட்கள் இருக்கும்போது 2018 பிப்ரவரியில் ஓய்வு பெற்றார். அடுத்த வருடம் அந்த அணிக்கே தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 2020 தொடக்கத்தில் நியூயார்க் முகக்கவசம் இல்லாமல் தவித்தபோது, சீனாவில் தனக்கிருந்த பழக்கத்தை வைத்து ஒரு கோடி முகக்கவசத்தை ஒன்று 2.75 டாலருக்குத் தன் ஊருக்கு வாங்கித் தர முயன்றார். அமெரிக்கா கைவிட்ட ஆள் என்று நீங்கள் தலைப்பு போட்டவர் செய்த காரியம் இது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். வெளிநாட்டில் வெற்றி கண்டவர் என்றால் ஏன் ஆண்களை மட்டுமே எழுதுகிறீர்கள்? அமெரிக்கப் பெண் வீராங்கனைகள் பலருக்கு வெளிநாட்டு லீக்தான் பல வருடங்களாகச் சோறு போட்டது. கோடையில் ஊரில் ஆட்டம், குளிர்காலத்தில் ரஷ்யாவிலோ துருக்கியிலோ சீனாவிலோ ஆட்டம், வருடம் முழுக்க ஓய்வே கிடையாது. டயானா டவ்ராசி 2015ல் அமெரிக்க சீசனையே விட்டுவிட்டு ஓய்வெடுத்தார். ஓய்வெடுப்பதற்குப் பணம் கொடுத்தது எகாடெரின்பர்க்கில் இருக்கும் ரஷ்ய அணி. அங்கே அவருடைய சம்பளம் ஊரில் வாங்கியதைப் போலப் பத்து மடங்குக்கு மேல். உலகத்தின் முதல்தர ஆட்டக்காரிக்கு நிலைமை இது என்றால், 'அமெரிக்காவில் ஆடுவதுதான் உச்சம், மற்றதெல்லாம் இறக்கம்' என்ற உங்கள் கட்டுரையின் அடிப்படையே ஆட்டம் காண்கிறது. அவரைப் பற்றி ஓர் அரைப்பக்கம் எதிர்பார்க்கிறேன்.

திருத்தங்களை மட்டும் மறுபடி சொல்லிவிடுகிறேன், உதவி ஆசிரியருக்கு வசதியாக இருக்கும்: டிராஃப்டில் தேர்ந்தெடுத்தது மில்வாக்கி, சிலை இருப்பது பெய்ஜிங்கில், முதல் பட்டம் வந்தது 2012ல். வழக்கமாகத் திருத்தத்தைக் கடைசிப் பக்கத்தில் விளம்பரத்துக்குக் கீழே எறும்பு எழுத்தில் போடுவீர்கள். இந்த முறை விளையாட்டுப் பக்கத்திலேயே போடுங்கள். கூடவே ஒரு வேண்டுகோள்: நவம்பரில் தொடங்கி என்பிஏ முடிவுகளைத் தினமும் போடுகிறீர்கள். அதற்குப் பக்கத்தில் வாரம் ஒரு முறையாவது சீன லீக், ஐரோப்பாவின் யூரோலீக் புள்ளிப் பட்டியலுக்கு நான்கு அங்குலம் ஒதுக்க முடியுமா? இடம் இல்லை என்றால் ராசிபலனில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பழைய ஸ்கோர் டேபிள்காரன் ஒருவன்
(பெயர், முகவரி தனித்தாளில், வெளியிட வேண்டாம்)